நாற்பத்தொரு ஃபோல்டர்கள்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் சர்வர் அறையைத் திறந்ததும் ஏ.சி.க்குக் கீழே வைத்திருந்த வாளியைக் கொட்டினேன். டிஸ்கைப் பார்த்தேன். தொண்ணூற்றேழு சதவீதம் நிரம்பிவிட்டது. மாடியில் இரண்டு பேருக்குக் கணக்கு பாதியில் நின்றுவிட்டதாம்.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் புள்ளிவிவரம் போடுவது இந்த ஒரே சர்வரில்தான். மென்பொருள் இங்கே ஓடுகிறது, அவரவர் மேசையில் திரை மட்டும். ஒருவர் முதல் தடவை உள்ளே நுழைந்ததும் அவர் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாகிவிடும். அவர் போட்ட கணக்கு, அட்டவணை எல்லாம் அதற்குள் சேரும். ஆள் வேலையை விட்டுப் போனாலும் ஃபோல்டர் இருக்கும். பதினாறு வருடமாக இதைப் பார்த்துக்கொள்வது நான்.

மதியம் டைரக்டர் மங்கையர்க்கரசி மேடம் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இடம் வேணும், கோமதிநாயகம். திங்கட்கிழமை டெல்லியிலேர்ந்து ஆய்வுக்கு வராங்க. அவங்க முன்னாடி நின்னுபோச்சுன்னா அசிங்கம்."

"செஞ்சிருதேன் மேடம்."

தொண்ணூறு நாளாக உள்ளே வராதவர்கள் பட்டியலை எடுத்தேன். நாற்பத்தொரு பேர். எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று நாளில் பதில் வராவிட்டால் ஃபோல்டர் நீக்கப்படும். விதிப்படி பதினைந்து நாள் தர வேண்டும், இரண்டு தடவை அனுப்ப வேண்டும். நேரம் இல்லை.

அதிக இடம் பிடிக்கும் ஃபோல்டர்கள் யாருடையவை என்றும் ஒரு பட்டியல் எடுப்பது வழக்கம். இந்தத் தடவை எடுக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

நான்கு பேர் பதில் போட்டார்கள், நான்கு பேருமே தங்கள் ஃபோல்டர் வேண்டாம் என்றார்கள். மற்றவர்களிடமிருந்து ஒன்றும் இல்லை.

வெளி டிஸ்கில் நகல் எடுக்கக் கட்டளை கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தபோது திரை அமைதியாக இருந்தது. அழிப்பதற்கான படிவத்தில் மூன்று கட்டங்கள்: தகவல் சொன்னாயா, துறைத் தலைவர் ஒப்புதல் வாங்கினாயா, நகல் எடுத்தாயா. நாற்பத்தொரு வரிக்கும் மூன்றிலும் டிக் போட்டேன். மாலை நாலே முக்காலுக்கு அழித்தேன். எண்பத்தொரு சதவீதத்துக்கு இறங்கியது.

ஐந்தரைக்கு வீடு. மனைவி ஆவுடை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கூட உட்கார்ந்து ஆய்ந்தேன்.

மார்ச் 10, திங்கள்

ஆய்வு நன்றாக முடிந்தது. எல்லோர் முன்னாலும் மேடம் என் பெயரைச் சொன்னார்.

மார்ச் 13, வியாழன்

வாளிக்குப் பதிலாக ஏ.சி.க்குக் குழாய் போட்டாயிற்று. மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 19, புதன்

ஓய்வுபெற்ற லாரன்ஸ் சார் போன் செய்தார். பழைய அட்டவணை ஒன்று வேண்டுமாம். வெளி டிஸ்கை மாட்டினேன். அதில் பதினொரு ஃபோல்டர்கள் இருந்தன, பன்னிரண்டாவது பாதி. அதோடு டிஸ்க் நிரம்பி நகல் நின்றுபோயிருக்கிறது. அன்றைக்குத் திரை அமைதியாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

"பழைய டிஸ்க்ல கோளாறு சார்" என்றேன்.

"பரவால்லப்பா, சும்மா பாக்கத்தான் கேட்டேன்" என்று வைத்துவிட்டார்.

மீதி முப்பது பெயரையும் வரிசையாகப் பார்த்தேன். முக்கால்வாசி விலகிப் போனவர்கள், இரண்டு மாதம் வந்துபோன மாணவர்கள். பதினாறாவது ஜெயசீலி. பிரசவ விடுப்பில் இருக்கிறார். ஏப்ரல் 21 வேலைக்குத் திரும்புவார்.

சென்னைத் தலைமை அலுவலகம் எங்கள் சர்வரைத் தினமும் நகல் எடுக்கிறது. முப்பது நாள் வைத்திருந்துவிட்டு அழித்துவிடும். திரும்பக் கேட்க வேண்டுமானால் காரணம் எழுதி, டைரக்டர் கையெழுத்தோடு கடிதம் அனுப்ப வேண்டும். கடிதம் தட்டச்சு செய்து வைத்தேன். காரணம் என்ற இடத்தைப் பிறகு நிரப்பலாம்.

மார்ச் 20, வியாழன்

மேடம் இன்று வரவில்லை.

மார்ச் 24, திங்கள்

கடிதத்தோடு மேடம் அறைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், "நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஆண்டு விழாவுல சிறந்த ஊழியர்னு உங்க பேரத்தான் அனுப்பியிருக்கேன்" என்றார். நன்றி சொன்னேன். கையில் என்ன காகிதம் என்று கேட்டார். ஏ.சி. பராமரிப்பு விஷயம் என்றேன்.

மார்ச் 28, வெள்ளி

சிலிண்டர் வந்தது. ஆவுடைக்குக் கண் பரிசோதனை. மகள் நித்திலா பெங்களூரிலிருந்து பேசினாள். மாப்பிள்ளைக்கு இடமாற்றம் வரும்போல் இருக்கிறதாம்.

ஏப்ரல் 2, புதன்

ஜெயசீலியின் ஃபோல்டரில் பெரிதாக ஒன்றும் இருக்காது. முக்கியமானவற்றை எல்லோரும் அந்தந்த ஆராய்ச்சிக்கென்று இருக்கும் திட்ட ஃபோல்டரில்தான் வைக்க வேண்டும். அதுதான் விதி.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்றோடு முப்பது நாள்.

ஏப்ரல் 7, திங்கள்

வயிறு சரியில்லை. விடுப்பு.

ஏப்ரல் 21, திங்கள்

ஜெயசீலி வந்தார். ஈஸ்டர் கேக் கொண்டுவந்திருந்தார். போனில் குழந்தை படம் காட்டினார், பெண் குழந்தை, கன்னத்தில் குழி விழுகிறது. பெயர் அன்சிலா.

"ராத்திரி தூங்க விடமாட்டேங்கா அண்ணாச்சி. இங்க வந்து உக்காந்தா ரெஸ்ட் எடுத்த மாதிரி இருக்கும்போல" என்று சிரித்தார்.

பதினொன்றரைக்கு மறுபடியும் என் அறைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, எனக்குப் புதுசா ஒரு ஃபோல்டர் காட்டுது. உள்ள ஒண்ணுமே இல்ல. பாஸ்வேர்ட மாத்தி விட்டிருக்கியளா?"

பார்க்கிறேன் என்று சொன்னேன். மதியம் வரை பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஜெயசீலியிடம் சொல்லிவிட்டேன். மார்ச்சில் சுத்தம் செய்தபோது போய்விட்டது, மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன், நகல் டிஸ்க் பழுது. இந்த மூன்றையும் சொன்னேன்.

நாற்காலியில் உட்கார்ந்தார். "மூணாவது சுத்து பூரா அதுலதான் இருந்துச்சு" என்றார்.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் சிறுநீரகம் வருடா வருடம் எப்படிக் கெடுகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சி அவருடையது. முந்நூற்றுப் பதினெட்டு பேர். மூன்று வருடம், வருடத்துக்கு ஒரு தடவை ரத்தம். முதல் இரண்டு வருட அளவுகளும் காகிதப் படிவங்களாக இரும்பு அலமாரியில் இருக்கின்றன. மூன்றாவது வருடம் வாடகைக்கு எடுத்த கைக்கருவியில் எடுத்தார்கள். அது நேராக அவருடைய ஃபோல்டருக்கு அனுப்பியது. காகிதம் கிடையாது. கருவியும் திரும்பிப் போய்விட்டது. அளவு ரொம்ப அதிகமாக இருந்தவர்களுக்கு மட்டும் அன்றைக்கே சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். மற்றவர்களுக்கு மூன்று வருடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். அதற்குள் பிரசவம்.

ஜூலைக் கடைசியில் சுகாதாரத் துறைக்கு அறிக்கை போக வேண்டும். அதை வைத்துத்தான் உப்பளப் பகுதியில் சிறுநீரகப் பரிசோதனை நிலையம் வருமா வராதா என்று தெரியும்.

"சென்னையில இருக்குமே அண்ணாச்சி?"

"முப்பது நாள்தாம்மா வைப்பாங்க."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "பதினஞ்சு நாளுக்கு முன்னால வந்திருந்தா கிடைச்சிருக்கும். நான் குழந்தையத் தூக்கிட்டாவது ஒரு நாள் எட்டிப் பாத்திருக்கணும்."

ஏப்ரல் 25, வெள்ளி

மேடம் அறையில் கூட்டம். நான், ஜெயசீலி, மேடம் மூன்று பேர்தான்.

"மின்னஞ்சல் வந்துதா?" என்று மேடம் கேட்டார்.

"வந்திருக்கு மேடம். அப்போ பிள்ளைக்கு மஞ்சள் காமாலைக்குப் பிறகு ஏதோ தொந்தரவு, ஆஸ்பத்திரியில இருந்தேன். பாக்கல."

"திட்ட ஃபோல்டர்ல வைக்கணும்னு தெரியுமில்ல? ஏன் சொந்த ஃபோல்டர்ல வச்சீங்க?"

ஜெயசீலி என்னை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். பிறகு தரையைப் பார்த்தார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்க நகல் எடுத்தீங்கதானே?"

"எடுத்தேன் மேடம். டிஸ்க் பழுதாயிட்டு."

"படிவத்துல சரியா இருக்கு. அப்ப நடைமுறையில தப்பில்ல." ஜெயசீலியிடம், "எழுத்துல விளக்கம் கொடுத்துடுங்க. உங்க ஒப்பந்தம் ஜூன் முப்பதோட முடியுது. இதையும் பாத்துட்டுத்தான் நீட்டிப்பாங்க" என்றார்.

வெளியே வந்ததும் ஜெயசீலி படியில் இறங்கினார். நான் லிஃப்டுக்காக நின்றேன். ஒரே ஒரு மாடிதான்.

ஏப்ரல் 28, திங்கள்

ஜெயசீலி என் அறைக்கு வந்து நின்றார். விளக்கக் கடிதத்தை எழுதிக் கொண்டுவந்திருந்தார். கொடுப்பதற்கு முன் நான் ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டுமாம். விதியை மீறியது தன் தவறு, சர்வர் பிரிவுக்கு இதில் பொறுப்பில்லை என்று எழுதியிருந்தார்.

"ஏம்மா இப்படி எழுதுதிய?"

"உங்களுக்கும் என்னால கெட்ட பேரு அண்ணாச்சி. விருது குடுக்கிற நேரத்துல."

படித்துவிட்டு, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தேன். அதைத்தான் செய்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இந்த நோட்டில் முன்னால் எழுதியவற்றை இன்று அலுவலகத்தில் உட்கார்ந்து படித்தேன். என்னைத் தவிர யாரும் படிக்காத நோட்டு. இதிலும் பொய் எழுதியிருக்கிறேன். எழுதாமல் விட்டவை அதைவிட அதிகம்.

போன அக்டோபரில், விடுப்புக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால், ஜெயசீலி என்னிடம் வந்தார். ஒன்பதாவது மாதம், படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. மூன்றாவது வருட அளவுகளைத் திட்ட ஃபோல்டருக்கு மாற்ற வேண்டும், அங்கே இடம் போதவில்லை, கூட்டித் தர முடியுமா என்று கேட்டார். அதற்காக ஏற்கெனவே இரண்டு விண்ணப்பம் கொடுத்திருந்தார். இரண்டும் என் மேசையில்தான் இருந்தன. "இப்ப எங்க இடம் இருக்கு? உங்க ஃபோல்டர்லயே இருக்கட்டும்மா. நான் பாத்துக்கிடுதேன். நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க" என்றேன்.

அந்தக் கூட்டத்தில் அவர் என்னைப் பார்த்தது அதற்காகத்தான். நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் சொல்லாததைக் கண்டதும் அவரும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இன்னொன்று. அதிக இடம் பிடிக்கும் ஃபோல்டர்கள் யாருடையவை என்று இன்று பட்டியல் எடுத்தேன். எடுக்காமலே தெரியும். முதல் பெயர் என்னுடையது. இருநூற்றுப் பன்னிரண்டு ஜிபி. நித்திலா கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவர் கொடுத்த மொத்தப் பதிவும், மூன்று கேமரா, இரண்டு நாள், வெட்டாதது. வீட்டு லேப்டாப்பில் இடமில்லை என்று போன வருடம் இங்கே போட்டேன். நாற்பத்தொரு பேரையும் அழித்துக் கிடைத்த இடம் நூற்றறுபது ஜிபி. என் ஒரு ஃபோல்டரை எடுத்திருந்தால் யாருடையதையும் தொட வேண்டியிருந்திருக்காது. திட்ட ஃபோல்டரில் இடம் இல்லாமல் போனதும் அதனால்தான்.

மார்ச் 19 முதல் ஏப்ரல் 6 வரை பதினெட்டு நாள். ஒரு கையெழுத்து போதுமாக இருந்தது. மறந்துவிட்டேன் என்று எழுத முடியாது. தினமும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்ததில், இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. அதைத்தான் எழுதவே கூடாது என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 30, புதன்

காலையில் காப்பி குடிக்கும்போது ஆவுடையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாண வீடியோ விஷயத்தையும்.

"நாலு மணி நேரத்துக்கு வெட்டி ஒட்டிக் குடுத்தாரே, அதையே நாம முழுசா பாக்கலையே" என்றாள். பிறகு, "அந்தப் பிள்ளை வேலைய இழந்துரும்னு தெரிஞ்சும் சும்மாவா இருந்திய?" என்று கேட்டாள். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். டிபன் கட்டிக் கொடுத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு மேடத்திடம் இரண்டு பக்கக் கடிதத்தைக் கொடுத்தேன். மூன்று நாள் அவகாசம், ஒப்புதல் வாங்காதது, நின்றுபோன நகல், பொய் டிக், அக்டோபரில் சொன்ன வாக்கு, என் ஃபோல்டர், பதினெட்டு நாள். மார்ச் 19 அன்று தட்டச்சு செய்த கடிதத்தையும் பின்னால் இணைத்தேன். காரணம் என்ற இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

மேடம் இரண்டு தடவை படித்தார்.

"இதக் கொடுக்காம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"ஆமா மேடம்."

"அன்னைக்கு ஏ.சி. காகிதம்னு சொன்னது இதுவா?"

"இதுதான்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அன்னைக்கு நீட்டியிருந்தா நான் திட்டியிருப்பேன். திட்டிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பேன். அவ்வளவுதானே நடந்திருக்கும்?"

அவ்வளவுதான் நடந்திருக்கும்.

பிறகு ஜெயசீலியிடம் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பதினெட்டு நாள் என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தப் பதினெட்டு நாளும் நான் வீட்டுலதான் இருந்தேன். ஒரு போன் பண்ணியிருந்தா நானே மேடத்துக்கிட்ட வந்து நின்னுருப்பேன், உங்க பேரச் சொல்லாமலே."

"தெரியும்மா."

"தெரியும்னு சொல்லாதீங்க அண்ணாச்சி. இப்ப போங்க."

மே 5, திங்கள்

விருதுப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். சர்வர் பொறுப்பிலிருந்து நீக்கம். விசாரணை முடியும்வரை ஆவணப் பிரிவில் இருக்க வேண்டும். ஜெயசீலியின் விளக்கக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒப்பந்த நீட்டிப்பு மேலிடத்தில் இருக்கிறதாம்.

பொறுப்பை ஒப்படைக்கும் முன் என் ஃபோல்டரைக் காலி செய்தேன். அறுபது சதவீதத்துக்கு வந்தது.

மே 6, செவ்வாய்

எனக்குப் பதிலாக வந்திருக்கும் பாத்திமுத்து, மனுஷி கெட்டிக்காரி, எதையும் கேட்டு எழுதிக்கொள்கிறார். ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒருவர் தொண்ணூறு நாள் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று முதலில் பணியாளர் பிரிவில் கேளுங்கள். விடுப்பா, விலகலா, மரணமா என்று தெரியாமல் தொடாதீர்கள். நுழைவை மட்டும் நிறுத்துங்கள், ஃபோல்டரை விட்டுவிடுங்கள். நகல் எடுத்தால் அதைத் திறந்து பாருங்கள்.

"இதெல்லாம் விதியிலயே இருக்கே சார்" என்றார்.

மே 8, வியாழன்

முதல் இரண்டு வருடக் காகிதங்களையும் மறுபடி ஏற்ற வேண்டும். ஜெயசீலி சரிபார்த்து வைத்திருந்த பிரதியும் அந்த ஃபோல்டரோடு போய்விட்டது. நான் ஏற்றித் தருகிறேன் என்று நேற்று அவரிடம் எழுதிக் கொடுத்தேன். இன்று காலையில் என் மேசையில் நாற்பது படிவங்கள் இருந்தன.

மே 22, வியாழன்

இரண்டு வருடத்துக்கும் சேர்த்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு படிவங்கள் முடிந்தன. ஒவ்வொரு படிவத்திலும் பெயர், வயது, எத்தனை வருடம் உப்பளத்தில் வேலை, ஒரு நாளைக்கு எத்தனை செம்பு தண்ணீர். "குடிக்கமாட்டேன், ஒதுங்க இடமில்லை" என்று பெண்கள் முக்கால்வாசிப் பேர் சொல்லியிருக்கிறார்கள். பதினாறு வருடம் இந்த மாதிரி வரிகளுக்குக் காவல் இருந்திருக்கிறேன். ஒன்றைக்கூடப் படித்ததில்லை.

மே 29, வியாழன்

மூன்றாவது சுற்றை மறுபடி எடுக்க அனுமதி கிடைத்தது. போன ஆகஸ்டில் எடுத்த அளவுகளுக்கு இது ஈடாகாது, ஆனாலும் அறிக்கைக்கு ஒரு மூன்றாவது புள்ளி கிடைக்கும் என்று மேடத்திடம் சொன்னார் ஜெயசீலி. கூட எழுத ஆள் வேண்டும். நான் விடுப்புப் போட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன்.

"வாங்க" என்றார். ஒரு மாதத்தில் என்னிடம் அவர் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

ஜூன் 3, செவ்வாய்

காலை ஆறு மணிக்கே அளத்தில் இருந்தோம். வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். தகரக் கொட்டகைக்குக் கீழே மேசை போட்டு ஜெயசீலியும் ஒரு நர்ஸும் ரத்தம் எடுத்தார்கள். நான் பெயரைக் கேட்டு, பழைய படிவத்தோடு ஒப்பிட்டு எழுதினேன். ஒன்பது மணிக்குள் அறுபத்துமூன்று பேர்.

சந்தனமாரி என்று ஒரு அம்மா. நாற்பத்தெட்டு வயது, காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு. நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"எனக்கு எடுக்கிறது இருக்கட்டும். எங்க வீட்டுக்காரருக்குப் போன வருசம் எடுத்தியள்லா, மாடசாமின்னு. அதுல என்ன இருந்துச்சுன்னு கேக்கணும்."

படிவக் கட்டுக்குள் தேடினேன். முதல் வருடம் இருந்தது. இரண்டாவது வருடமும் இருந்தது, முதல் வருடத்தைவிடச் சற்று அதிகம்.

"அவரு வரலியா?" என்று நர்ஸ் கேட்டார்.

"தை மாசம் போயிட்டாரு. கிட்னிதான்னு பெரியாஸ்பத்திரில சொன்னாங்க. முன்னாலயே வந்திருந்தா பாத்திருக்கலாமேன்னு அந்த டாக்டர் கேட்டாரு. எங்களுக்கு என்ன தெரியும்? நீங்க எடுத்தியளே, அதுல அப்பவே தெரிஞ்சுதா, இல்ல அதுக்குப் பெறகுதான் வந்துச்சா? அத மட்டும் சொல்லுங்க. எனக்கு அதுதான் மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு."

ஜெயசீலி கையில் இருந்த ஊசியை வைத்தார். "அது கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறு ஆகி…" என்று ஆரம்பித்தார்.

"கோளாறு இல்லம்மா" என்றேன். "நான்தான் அழிச்சேன். பாக்காம அழிச்சிட்டேன். திரும்ப எடுக்க நாள் இருந்துச்சு, அப்பவும் எடுக்கல. உங்க வீட்டுக்காரர் அளவு அதுலதான் இருந்துச்சு. இனிமே அது என்னன்னு யாராலயும் சொல்ல முடியாது."

சந்தனமாரி என்னைப் பார்த்தார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். என் சட்டை, கண்ணாடி, கையில் இருந்த பேனா எல்லாவற்றையும் பார்த்தார்.

"அப்போ எனக்குத் தெரியவே தெரியாது" என்றார்.

"தெரியாதும்மா."

பாத்தியில் யாரோ உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். சந்தனமாரி தலையில் இருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். திரும்பிப் போய்விடுவார் என்றிருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையை நர்ஸிடம் நீட்டினார். ஆனால் பேசியது என்னிடம்.

"பேரு சந்தனமாரி. எழுதுங்க."

எழுதினேன். எழுதி முடிக்கும்வரை அவர் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.